ஆங்கிலிக்கன் மடத்தில் லெந்து நாட்கள் எப்படிப் போகும்?

லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலம், பற்றி வந்த கேள்வி இதுதான்: "நான் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். துறவியர், மடம் எல்லாம் கத்தோலிக்கருக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஆங்கிலிக்கன் சபையிலும் மடங்கள் உண்டென்று இப்போதுதான் தெரிந்தது. லெந்து காலத்தில் அங்கே என்ன செய்வார்கள்? நாற்பது நாளும் பட்டினியும் மௌனமும்தானா?"

ஆங்கிலிக்கன் சபையில், அதாவது இங்கிலாந்துச் சபையிலும் அதிலிருந்து கிளைத்த சபைகளிலும், மடங்கள் உண்டு. இங்கிலாந்தில், அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில், தென்னாப்பிரிக்காவில் எல்லாம் இருக்கின்றன. சாலமோன் தீவுகளில் இனி கொபூரியா என்ற முன்னாள் போலீஸ்காரர் 1925-ல் தொடங்கிய மெலனீசியச் சகோதரர் அமைப்பு, ஆங்கிலிக்கன் உலகின் பெரிய துறவற அமைப்புகளில் ஒன்று. பட்டினியைப் பற்றிக் கேட்டீர்கள். பசியால் யாரும் மயங்கி விழுவதில்லை. மௌனம் உண்டு, ஆனால் நாள் முழுக்க இல்லை. கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் பதில் இவ்வளவு நீண்டுவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் துறவி இல்லை. இங்கிலாந்தில் இருந்த காலத்தில் இரண்டு முறை, லெந்து சமயத்தில், ஒரு மடத்தின் விருந்தினர் அறையில் ஒவ்வொரு வாரம் தங்கியிருக்கிறேன். மற்றதெல்லாம் படித்தது, அங்கே இருந்த பெரியவர்களிடம் கேட்டது.

நீங்கள் அப்படி நினைத்ததில் தப்பில்லை, சரித்திரமே அப்படித்தான். எட்டாம் ஹென்றி 1536-க்கும் 1540-க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த சுமார் 800 மடங்களை மூடி, நிலத்தையும் சொத்தையும் எடுத்துக்கொண்டார். 1548-ல், அவர் மகன் ஆட்சியில், லெந்தின் முதல் நாளான சாம்பற் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும் வழக்கமும் நிறுத்தப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், லெந்து நாட்களில் இறைச்சி சாப்பிடக் கூடாது என்ற சட்டம் மட்டும் தொடர்ந்தது. பக்திக்காக மட்டும் இல்லை. மீனவர் தொழில் பிழைக்கவேண்டும், அப்போதுதான் கப்பற்படைக்கு ஆள் கிடைக்கும் என்ற கணக்கு. 1563-ல் புதன்கிழமையையும் மீன் நாளாக்கி ஒரு சட்டம் போட்டார்கள். மடம் போனது, சாம்பல் போனது, மீன் நின்றது.

அதன்பின் ஏறக்குறைய முந்நூறு வருடம் இங்கிலாந்துச் சபையில் துறவு மடம் என்ற பேச்சே கிடையாது. 1833-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கிளம்பிய இயக்கம்தான், 'நம் சபைக்கும் ஆதித் திருச்சபையின் பழைய சொத்தில் பங்கு உண்டு' என்று கேட்கத் தொடங்கியது. 1841-ல் மேரியன் ஹியூஸ் என்ற பெண் துறவு வாக்குக் கொடுத்தார். பெண்கள்தான் முதலில் வந்தார்கள் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். 1845-லேயே லண்டனில் ஒரு சகோதரிகள் இல்லம் தொடங்கிவிட்டது. ஆண்களுக்கு நிலைத்து நின்ற முதல் அமைப்பு 1866-ல், ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கௌலியில், அங்கே குருவாக இருந்த ரிச்சர்ட் மியூ பென்சன் தொடங்கியது. 1892-ல் சார்லஸ் கோர் தொடங்கிய உயிர்த்தெழுதல் சமூகம், 1898-ல் யார்க்‌ஷயரின் மிர்ஃபீல்டுக்குக் குடிபோனது. எல்லாவற்றையும் பொதுவாக வைத்து வாழ்ந்த அப்போஸ்தலர் காலத்துச் சபைதான் கோருக்கு முன்மாதிரி.

சரி, லெந்துக்கு வருவோம்.

எல்லா ஆங்கிலிக்கன் மடங்களும் துறவி பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கின்படி நடப்பவை அல்ல. மிர்ஃபீல்டுக்கும் கௌலிக்கும் சொந்த ஒழுங்குகள் இருந்தன. ஆனாலும் ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் அவர் எழுதிய அந்த 73 அதிகாரங்களின் வாசனை இல்லாத மடம் இல்லை. (தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று சொல்வது இவரைத்தான்.) அதில் 49-ஆம் அதிகாரம் லெந்து பற்றியது. மிகச் சிறியது. துறவியின் வாழ்க்கை வருடம் முழுக்கவே லெந்து போலத்தான் இருக்கவேண்டும், ஆனால் அந்த அளவு பலம் வெகு சிலருக்கே இருப்பதால் இந்த நாட்களிலாவது கவனமாக இருப்போம் என்று ஆரம்பிக்கிறார். ஒவ்வொருவரும் வழக்கத்துக்கு மேல் ஏதாவது ஒன்றை, தானாக, சந்தோஷத்தோடு கொடுக்கட்டும்: கொஞ்சம் சாப்பாடு, கொஞ்சம் பானம், கொஞ்சம் தூக்கம், கொஞ்சம் வீண் பேச்சும் கேலியும். அவ்வளவுதான். அத்தனை சிறிய அதிகாரத்தில் சந்தோஷம் என்ற சொல் இரண்டு முறை வருகிறது.

அப்புறம் ஒரு நிபந்தனை. என்ன விடப்போகிறேன் என்பதை மடத்துத் தலைவரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடும் ஜெபத்தோடும்தான் செய்யவேண்டும். அனுமதி இல்லாமல் செய்தால் அது அகந்தைக் கணக்கில் போகும், பலன் கணக்கில் வராது என்கிறார். முதல் முறை படித்தபோது இது எனக்கு அதிகாரத் திமிராகத் தெரிந்தது. என் சாப்பாட்டை நான் குறைக்க யார் உத்தரவு வேண்டும்? பிறகு ஒரு முதிய சகோதரர் விளக்கினார். அவர் இளைஞராக மடத்தில் சேர்ந்த முதல் வருடம், லெந்து முழுக்க ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தாராம். தலைவர் அதை அடித்துவிட்டு, "மூன்று வேளையும் சாப்பிடு. காலை ஜெபத்துக்கு நேரத்துக்கு வா. சமையலறையில் இருப்பவரிடம் எரிந்து விழாதே" என்று எழுதித் திருப்பினாராம். "பட்டினியே கிடந்திருக்கலாம், அது சுலபம்" என்று சிரித்தார் அவர்.

நம் ஊரில் லெந்து என்றால் என்ன செய்வோம்? கறி மீன் விடுவோம், கல்யாணம் வைக்கமாட்டோம், சிலர் தாடி வளர்ப்பார்கள், வீடுவீடாக ஜெபக்கூட்டம் நடக்கும், காணிக்கைப் பெட்டியில் காசு சேர்ப்போம். நல்லதுதான். ஆனால் எதை விடுவது என்று முடிவு செய்வது நாமே, சரியாக விட்டோமா என்று பார்ப்பதும் நாமே. மடத்தில் அந்த முடிவு இன்னொருவர் கையில் போய்விடுகிறது. என்னை நன்றாகத் தெரிந்த, என்னோடு தினமும் சாப்பிடுகிற ஒருவர் கையில்.

புத்தக விஷயத்தையும் சொல்லவேண்டும், எனக்கு மிகப் பிடித்தது அது. லெந்து தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு புத்தகம் கொடுக்கவேண்டும், அதை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்கவேண்டும் என்பது பெனடிக்ட் 48-ஆம் அதிகாரத்தில் வைத்த விதி. படிக்கிற நேரத்தில் மூத்தவர்கள் ஓரிருவர் சுற்றி வருவார்கள், யாராவது சும்மா உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்களா என்று பார்க்க. பதினொன்றாம் நூற்றாண்டில் கேன்டர்பரி பேராயராக இருந்த லான்ஃப்ராங்க் இதைச் சடங்காகவே ஆக்கினார். லெந்து தொடங்கியதும் நூலகப் பொறுப்பாளர் புத்தகங்களை ஒரு கம்பளத்தின்மேல் பரப்பி வைப்பார். போன வருடம் யார் எதை வாங்கினார் என்ற பட்டியல் வாசிக்கப்படும். ஒவ்வொருவரும் தன் புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டும். முழுதும் படிக்காதவர் எல்லார் முன்னிலும் தரையில் விழுந்து, படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கவேண்டும்! இன்று யாரும் தரையில் விழுவதில்லை. ஆனால் லெந்துக்கு ஒரு புத்தகம் என்ற பழக்கம் ஆங்கிலிக்கன் வீடுகள்வரை வந்துவிட்டது. கேன்டர்பரி பேராயர் பெயரில் லெந்து புத்தகம் வெளியாவதும் உண்டு. வாங்கியவர்களில் எத்தனை பேர் கடைசிப் பக்கம் போகிறார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

இனி ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்க்கலாம். மடத்துக்கு மடம் நேரம் மாறும். நான் தங்கிய இடத்தில் இரவு ஜெபம் முடிந்ததும் பெருமௌனம் தொடங்கும். மறுநாள் காலைச் சாப்பாடு முடிகிறவரை யாரும் பேசமாட்டார்கள். இரவு முழுக்க மூடியிருந்த வாயில் காலையில் முதலில் வரும் சொற்கள் 51-ஆம் சங்கீதத்தில் உள்ளவை: "ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும்." ஞாயிறு ஆராதனையில் இதை எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன். பத்து மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தொண்டை கரகரக்கச் சொல்லும்போதுதான் இது நிஜமாகவே உதட்டைத் திறக்கச் சொல்லும் ஜெபம் என்று உறைத்தது.

பிறகு சங்கீதங்கள். 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் முப்பது நாளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. பெனடிக்டின் கணக்கு இன்னும் கடுமை: வாரத்துக்கு 150. சிற்றாலயத்தில் இரண்டு பக்கமும் எதிரெதிராக உட்கார்ந்து, ஒரு வசனம் இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று சொல்வார்கள். ஒவ்வொரு வசனத்தின் நடுவிலும் ஒரு முக்காற்புள்ளி இருக்கும். அங்கே நிறுத்தவேண்டும். ஒரு மூச்சு அளவு நிசப்தம். அப்புறம்தான் மீதிப் பாதி. கேட்க எளிது. இரண்டாம் நாள் நான் அவசரப்பட்டு, அந்த நிசப்தத்தின் நடுவே தனியாகக் குரல் கொடுத்துவிட்டேன். கல் சுவர் அதைத் திருப்பிக் கொடுத்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. எவ்வளவு நிறுத்துவது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுவதைக் கேட்டால்தான் தெரியும். குரல் வளம் உள்ளவர் கொஞ்சம் தணிக்கவேண்டும், வேகமானவர் எண்பது வயதுக்காரரின் மூச்சுக்குக் காத்திருக்கவேண்டும். தினமும், நாலைந்து முறை, வருடக்கணக்காக. லெந்தில் இவர்கள் தனியாக என்ன பயிற்சி செய்கிறார்கள் என்று கேட்டால், நான் இந்த முக்காற்புள்ளியைத்தான் காட்டுவேன்.

சாப்பாடு பற்றிக் கேட்டீர்கள். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் சாதாரணச் சமையல், இரவு சூப்பும் ரொட்டியும். வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது. சில வேளைகளில் ஒருவர் புத்தகம் வாசிக்க மற்றவர்கள் பேசாமல் சாப்பிடுவார்கள். வாசிப்பது வேதாகமமாகத்தான் இருக்கவேண்டும் என்று இல்லை. யாரோ ஒருவரின் வாழ்க்கை வரலாறாகவும் இருக்கும். பேசாமல் சாப்பிடும்போது உப்பு வேண்டும் என்று கேட்கமுடியாது. பக்கத்தில் இருப்பவர் நம் தட்டைப் பார்த்து நகர்த்தித் தரவேண்டும், நாமும் அவர் தட்டைப் பார்க்கவேண்டும். கூட்டமாகச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது பெரிய விஷயமா என்று தோன்றும். கையில் போனை வைத்துக்கொண்டு சாப்பிட்டுப் பழகியபின் செய்து பாருங்கள்.

இப்போது கஷ்டமான பகுதி. பெனடிக்ட் தன் ஒழுங்கில் திரும்பத் திரும்பக் கண்டிக்கும் குற்றம் ஒன்று உண்டு. பெருந்தீனி இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. முணுமுணுப்பு. மனதுக்குள்ளேயே வைத்திருந்தாலும் அது முணுமுணுப்புதான் என்கிறார். வெளியே இருப்பவர்கள் மடம் என்றால் அமைதி என்று நினைக்கிறோம். பத்துப் பதினைந்து பேர், அவர்களாகத் தேர்ந்தெடுக்காத ஆட்களோடு, சாகும்வரை ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். ஒருவர் தினமும் கதவை அறைந்து சாத்துவார். ஒருவர் ஜெபத்தில் சுருதி தப்புவார். ஒருவர் இருபது வருடமாக ஒரே நகைச்சுவையைச் சொல்வார். நம் கூட்டுக்குடும்பங்களுக்குத் தெரியாத கதையா? அங்கே தனிக்குடித்தனம் போகமுடியாது, அதுதான் வித்தியாசம். முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னது: லெந்தில் காப்பியை விட்டவர்களைவிட, இன்னொரு சகோதரரைப் பற்றிக் குறை சொல்வதை விட்டவர்கள்தான் ஈஸ்டருக்குள் இளைத்துப் போனார்கள்.

இந்த இடத்தில் டீட்ரிக் போன்ஹோஃபரைச் சொல்லாமல் இருக்கமுடியாது. லுத்தரன் போதகர், ஹிட்லரை எதிர்த்து 1945-ல் தூக்கிலிடப்பட்டவர். 1933 முதல் லண்டனில் ஜெர்மன் சபைகளுக்குப் போதகராக இருந்தார். ஜெர்மனிக்குத் திரும்பி ஒரு இறையியல் பள்ளியை நடத்தும் பொறுப்பு வந்தபோது, கூட்டாக வாழ்வது எப்படி என்று பார்க்க ஆங்கிலிக்கன் மடங்களைத் தேடிப் போனார். சிசெஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல் அறிமுகக் கடிதங்கள் கொடுத்தார். 1935 மார்ச் மாதம், லெந்து நடுவில், கௌலிக்கும் மிர்ஃபீல்டுக்கும் கெல்லமுக்கும் போனார். மிர்ஃபீல்டில் தினசரி ஜெப வேளைகளில் 119-ஆம் சங்கீதம் சொல்லப்பட்டது. அந்தச் சங்கீதம் அவரைக் கடைசிவரை விடவில்லை. அந்த வருடமே பள்ளி தொடங்கியது. சில மாதங்களில் ஃபிங்கன்வால்டுக்கு மாறியது. அங்கே மாணவர்களுக்கு அவர் வைத்த ஒரு விதி: இல்லாத சகோதரனைப் பற்றி எதுவும் பேசக்கூடாது, தப்பித்தவறிப் பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லிவிடவேண்டும். 1937-ல் ஹிட்லரின் ரகசியப் போலீசான கெஸ்டாபோ பள்ளியை மூடியது. இரண்டு வருடம்தான் நடந்தது. புராட்டஸ்டண்டுகளுக்கு மடம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

கீழ்ப்படிதலுக்கும் மிர்ஃபீல்டிலேயே உதாரணம் இருக்கிறது. ட்ரெவர் ஹடில்ஸ்டன் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர். 1943 முதல் ஜோகன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுனில் வேலை செய்தார். சிறுவன் டெஸ்மண்ட் டூட்டு (பின்னாளில் பேராயர்) காசநோயால் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தவறாமல் போய்ப் பார்த்தவர் இவர்தான். 1955-ல் அரசாங்கம் சோஃபியாடவுன் கறுப்பின மக்களை லாரியில் ஏற்றிக் காலி செய்யத் தொடங்கியது. ஹடில்ஸ்டன் எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றார். அந்த நேரம் பார்த்து, சமூகத்தின் தலைவர் ரேமண்ட் ரெயின்ஸ் அவரைத் திரும்ப அழைத்தார். மிர்ஃபீல்டுக்கு வந்து புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடு என்று உத்தரவு. அவர் 1956-ல் போனார். மனம் உடைந்து போனார் என்பதை அவர் மறைக்கவே இல்லை. அந்த உத்தரவு சரியா தப்பா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். எனக்கு அது தப்பு என்றுதான் படுகிறது. ஆனாலும் கொடுத்த வாக்குக்காக அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டதை நினைத்தால், நான் நாற்பது நாள் சர்க்கரை இல்லாமல் டீ குடித்ததைத் தியாகம் என்று சொல்ல வாய் வருவதில்லை.

ஆராதனை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பாதி உங்களுக்கே தெரியும். போன வருடக் குருத்தோலைகளை எரித்துச் சாம்பல் எடுப்பார்கள். "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்ற பொருள்பட நெற்றியில் சிலுவை இடுவார்கள். இங்கிலாந்துச் சபையின் அதிகாரபூர்வ ஆராதனை நூலில் இது 1986-ல்தான் மறுபடி வந்தது. மடங்களில் அதற்கு வெகு முன்பே இருந்தது. அல்லேலூயா என்ற சொல் ஈஸ்டர்வரை வராது. பலிபீடத்தில் ஊதா, சில இடங்களில் இங்கிலாந்துப் பழைய முறைப்படி வெளுக்காத முரட்டுத் துணி. நாலாம் ஞாயிறு கொஞ்சம் மூச்சு விடலாம்: ரோஜா நிற உடை, நல்ல சாப்பாடு, அன்னையர் ஞாயிறும் அதுவே. ஞாயிறுகள் நோன்புக் கணக்கில் வராது என்பதால்தான் சாம்பற் புதனிலிருந்து ஈஸ்டர்வரை எண்ணினால் நாற்பத்தாறு நாள் வருகிறது. ஐந்தாம் ஞாயிறுக்குப் பின் சிலுவைகளுக்குத் திரை போடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று தலைவர் சகோதரர்களின் கால்களைக் கழுவுவார். போன வாரம் யாரோடு சண்டை போட்டாரோ அவர் காலையும் கழுவவேண்டியிருக்கும்.

இன்னொன்று, இது என்னை ஆச்சரியப்படுத்தியது. லெந்து துறவியருக்கு ஓய்வு காலமே இல்லை. சபைகள் பிரசங்கத்துக்கு அழைக்கும், தியானம் நடத்தக் கூப்பிடும், பாவ அறிக்கை செய்ய ஆட்கள் வருவார்கள், ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரத்தில் விருந்தினர் அறைகள் நிரம்பிவிடும். விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கவேண்டும் என்பது பெனடிக்டின் 53-ஆம் அதிகாரம். அமைதி தேடி மடத்துக்கு வருகிற நம்மால்தான் அவர்கள் அமைதி கெடுகிறது. அதை ஒருவர்கூட முகத்தில் காட்டவில்லை என்பதை, ஊருக்கு வந்தபின்தான் யோசித்தேன்.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. 1866-ல் பென்சனோடு வாக்குக் கொடுத்த இருவரில் ஒருவரான ஓ'நீல் இந்தியாவுக்கு வந்து, இந்தூரில் ஏழைகளோடு ஏழையாக வாழ்ந்து 1882-ல் இறந்தார். கௌலிச் சகோதரர்கள் பம்பாயிலும் புனேயிலும் பல வருடம் இருந்தார்கள். தமிழ்நாட்டில் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஆங்கிலிக்கன் மடம் என்று சொல்லமுடியாது. ஆனால் 1921-ல் அதைத் தொடங்கிய சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்களும் கல்யாணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள். ஊர் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் கூப்பிட்டது. துறவியரைச் சகோதரர் என்று அழைப்பதை இதைவிட நல்ல தமிழில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போய்ப் பார்க்க ஆசை இருந்தால் சுலபம்தான். பெரும்பாலான மடங்கள் பெண்களையும் வேறு சபையாரையும் விருந்தினராக ஏற்கும். முன்கூட்டி எழுதிக் கேட்டால் போதும். காணிக்கையாக இவ்வளவு தந்தால் நல்லது என்று சொல்வார்கள், முடியாதவர்களிடம் வற்புறுத்துவதில்லை. முதல் தடவைக்குப் பரிசுத்த வாரம் வேண்டாம், கூட்டம். லெந்தின் இரண்டாம் மூன்றாம் வாரம் நல்லது. கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள், சிற்றாலயங்கள் ஐஸ் மாதிரி இருக்கும். சங்கீதத்தில் முதல் நாள் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரம் துடைக்க ஆள் தேவைப்படும். யாரும் கூப்பிடமாட்டார்கள், நீங்களே போய் ஒரு துணியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்ட கதைகளில் பாதி அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் கேட்டவை.